டிஸ்பென்சரம்மா தைத்த போர்வை

லிந்துலையிலிருந்து மேலே ஏறிய தோட்டத்து லொறி அந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது பகல் இரண்டு மணிதான். மூடுபனி இறங்கிவிட்டதால் டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார். அந்த வெளிச்சத்தில் முதலில் ஒரு தகரக் கூரை தெரிந்தது. பிறகு ஈரத்தில் கறுத்துப்போன கல் சுவர். பிறகு, எப்போதோ பச்சை அடித்த ஒரு கதவு.

“இதாங்கய்யா வீடு,” என்றார் டிரைவர்.

லோரன்ஸ் இறங்கிப் போய்ப் பூட்டைத் திறந்தார். அவருடைய மனைவி அந்தோனியம்மா லொறியிலேயே உட்கார்ந்திருந்தாள். இறங்கு என்று யாராவது சொன்னால் இறங்குவாள். உள்ளே போ என்றால் போவாள். இரண்டு வருஷமாக அவள் அப்படித்தான்.

அது 1976. இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. லோரன்ஸ் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சர். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர், தானாகக் கேட்டு இந்த மாற்றலை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அங்கே இருக்க அவரால் முடியவில்லை. பஞ்சம் வந்த வருஷத்தில் அங்கேதான் அவர்களுடைய ஒரே மகள் டோரீன் போனாள். முதலில் அம்மை, பிறகு வயிற்றோட்டம். ஐந்து வயது. காய்ச்சலுக்காகத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் மருந்து கலக்கிக் கொடுத்த கை தன் பிள்ளைக்கும் கலக்கிக் கொடுத்தது. நிற்கவில்லை.

அடக்கத்தன்றும் அந்தோனியம்மா அழவில்லை. பெட்டிக்கு மேல் மண் விழுந்தபோது, யாருடைய வீட்டு விசேஷத்துக்கோ வந்தவள் போல நின்றுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு சமைத்தாள், துவைத்தாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள். அவ்வளவுதான்.

லொறியிலிருந்து கட்டில் இறங்கியது, இரண்டு பெட்டிகள் இறங்கின, மாதா படம் இறங்கியது. கடைசியில் சாக்கில் சுற்றிய தையல் மெஷின் இறங்கியது. ஹட்டன் கன்னியர் மடத்தில் பூவேலை படித்துத் தேறியபோது மதர் கொடுத்த எம்பிராய்டரி மெஷின் அது. டோரீன் போன பிறகு அவள் அதைத் தொடவில்லை.

வீட்டுக்குள் குளிர் இருந்தது. வெளியே இருப்பதைவிட அதிகமாக இருந்தது.

பின்னறையில் சுவரோடு சேர்த்துச் செய்த அலுமாரி ஒன்று. அதன் அடித்தட்டில் ஒரு பெண் பிள்ளையின் உடுப்புகள் இருந்தன. சட்டைகள், பாவாடைகள், கழுத்தில் நூல் வேலை செய்த ஒரு கம்பளிச் சட்டை. எல்லாம் துவைத்து, மடித்து, பூச்சி உருண்டை போட்டு வைக்கப்பட்டிருந்தன.

“முன்னாடி இருந்தவங்க மறந்துட்டுப் போயிருப்பாங்க,” என்றார் லோரன்ஸ். “கணக்கப்பிள்ளை குடும்பமாம். இந்தியாவுக்குப் போயிட்டாங்க. லயத்துத் தொழிலாளிங்க பிள்ளைங்களுக்குக் குடுத்துடலாம்.”



மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்த லோரன்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டார். மெஷின் சாக்கை விட்டு வெளியே வந்திருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அந்த உடுப்புகளைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன செய்யிற?”

“குளிருது. ஒட்டுப்போர்வை ஒண்ணு தைக்கலாம்னு.”

இரண்டு வருஷத்தில் அவளாக ஒன்றைச் செய்ய நினைத்தது அதுதான் முதல் தடவை. பிறத்தியார் பிள்ளையின் உடுப்பாயிற்றே என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் விட்டுவிட்டார்.

சதுரங்களை ஒட்டி மேல் துணி ஆக்கினாள். நடுவில் வைக்க ஒரு பழைய கம்பளி. அடியில், வெளுத்தெடுத்த மாவுச் சாக்குத் துணி. மூன்றையும் ஒன்றாகப் பிடிக்கப் பூவேலை போட வேண்டும். மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் காலைக் கழற்றினாள். துணியை நகர்த்தும் பற்களைக் கீழே இறக்கினாள். இனி துணி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். மர வளையத்தில் துணியை இழுத்து மாட்டி, மெஷினை மிதித்தாள். கொடி ஒன்று ஓடியது. இலை விரிந்தது. அடுத்த கொடி. காலும் கையும் பழக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. மனம் எங்கும் போகவில்லை.

பத்து நாளில் பெரும்பகுதி முடிந்தது. நடுவில் ஒரு சதுரம் மட்டும் குறைந்தது. அதற்குத் துணி போதவில்லை.

பதினோராம் நாள் மத்தியானம் போர்வையைத் திருப்பிக் கட்டிலில் விரித்தாள்.

முன்பக்கம் கொடியும் இலையும்தான். பின்பக்கம், வெறும் வெள்ளைச் சாக்குத் துணியில், அதே தையல் வேறு மாதிரி ஓடியிருந்தது. ஒரு வளைவு முதுகு. ஒன்று மடக்கிய முழங்கால். ஒன்று கன்னத்துக்கு அடியில் வைத்த கை.

ஒருக்களித்துப் படுத்திருக்கும் ஒரு பிள்ளையின் உருவம்.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திருப்பிப் போட்டாள். அடுப்பில் இருந்த பருப்பைப் பார்க்கப் போனாள்.

திரும்பி வந்தபோது ஜன்னலுக்கு வெளியே தேயிலை தெரியவில்லை. பனி கண்ணாடியில் வந்து ஒட்டியிருந்தது. பீலிக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம்கூட நின்றுபோன மாதிரி இருந்தது.

போர்வை தட்டையாக இல்லை.

நடுவில் ஒரு மேடு. அது மெல்ல ஏறியது, இறங்கியது.

அந்தோனியம்மா அறை வாசலில் நின்றாள். பயம் என்று ஒன்று வந்திருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. அவளுக்குள் ஒரே ஒரு பேர்தான் எழுந்தது.

“டோரீன்?”

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போர்வைக்கு அடியில் கையை விட்டாள். மண் வாசனை அடித்தது, மழையில் நனைந்த புது மண். அதோடு நல்லெண்ணெய் வாசனை. விரல்களில் ஒரு பின்னல் பட்டது. தடித்த, நீளமான பின்னல்.

டோரீனுக்குப் பின்ன முடி இருக்கவில்லை.

அப்போது ஒரு சின்னக் கை அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டது. ஐஸ் மாதிரி இருந்தது.

“ஆத்தா எங்க?”

மூச்சுக்காற்றைவிடக் கொஞ்சம்தான் கூடுதலான சத்தம். டோரீன் ஒரு நாளும் ஆத்தா என்று சொன்னதில்லை. அவளுக்கு அம்மாதான்.

பனி விலகும் வரைக்கும் அந்தக் கை பிடித்துக்கொண்டே இருந்தது. நாலு மணிக்கு வெயில் கீற்று விழுந்தபோது போர்வை தட்டையாகிவிட்டது. விரிப்பு மட்டும் சில்லென்று ஈரமாக இருந்தது.

மறுநாள் காலையில் பிள்ளைக் காம்பரா ஆயம்மா காளியாயி பால்மாவு வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு, அப்படியே இவர்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரையும் அவளுக்குத் தெரியும்.

“இந்த வீட்டுல ஒரு பொம்பளப் பிள்ளை இருந்துச்சா?” என்று கேட்டாள் அந்தோனியம்மா.

காளியாயி தலையில் போட்டிருந்த கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“மீனம்மாங்க. கணக்கப்புள்ள கந்தப்பன் அய்யாவோட மக. ஆறு வயசு. நெஞ்சுல சளி கட்டி, போன மழைக்குப் போயிருச்சு. அடக்கம் பண்ணி பன்னெண்டாம் நாளு இந்தியாவுக்குப் போகச் சொல்லி சர்க்கார் கடுதாசி வந்துருச்சுங்க. எட்டு வருசமா வராத கடுதாசி.”

“தாய்?”

“சண்முகவடிவு. அது வரவே மாட்டேன்னுச்சு. புள்ளைய இங்கின போட்டுட்டு எப்புடிப் போறதுன்னு இந்தா இந்த அலுமாரியப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சு. நாலு பேரு சேந்துதான் லொறியில ஏத்துனோம். நானும் ஒருத்திங்க.”

“உடுப்பெல்லாம் மறந்துட்டுப் போயிட்டாங்களா?”

“மறக்கலீங்க. அதுவேதான் தொவச்சு மடிச்சு வச்சுச்சு. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா, இந்தக் குளிருல புள்ள எதப் போட்டுக்கும்னு கேட்டுச்சு. நாங்க என்னத்தச் சொல்ல?”

அந்தோனியம்மா தன் வலது கையைப் பார்த்தாள். கத்தரிக்கோல் பிடித்த கை.

காளியாயி போன பிறகு அவள் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் உடுப்பைத் தைத்ததால் பிள்ளை வந்திருக்கிறது. அப்படியென்றால் வேறொன்றும் செய்யலாம். எழுந்து தன் பெட்டியைத் திறந்தாள். அடியில் டோரீன் கடைசியாகப் போட்டிருந்த மஞ்சள் சட்டை இருந்தது. அதிலிருந்து ஒரு சதுரம் வெட்டி, போர்வையின் நடுவில் குறைந்த இடத்தில் வைத்துத் தைத்தாள்.

மத்தியானம் பனி இறங்கியது. மேடு எழுந்தது. கையை விட்டாள்.

பின்னல்.

மறுநாளும் பின்னல்தான். அதற்கு மறுநாளும்.

மஞ்சள் சதுரத்தின் மேல் இன்னும் பூ போட்டாள். பூவின் மேல் பூ. காலையில் தைப்பாள், மத்தியானம் காத்திருப்பாள். நூல் ஏறி ஏறி அந்த இடம் தோல் மாதிரித் தடித்துப்போனது. தடித்த இடத்தில் ஊசி இறங்காமல் இரண்டு தடவை உடைந்தது. டோரீன் வரவில்லை. வந்தது எப்போதும் மற்றவள்தான். அவள் கேட்டதும் எப்போதும் ஒன்றுதான்.

“ஆத்தா எங்க?”

ஒரு வெள்ளிக்கிழமை லோரன்ஸ் வழக்கத்தைவிட முன்பாகவே வீட்டுக்கு வந்தார். மெஷின் சத்தம் கேட்டது. ஆனால் அது துணியில் ஓடும் சத்தமாக இல்லை. உள்ளே போய்ப் பார்த்தார்.

வளையத்துக்குள் மஞ்சள் துணி சிவந்திருந்தது.

ஊசி அவளுடைய ஆள்காட்டி விரலுக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. நகத்தின் மேல் நூல் ஓடியிருந்தது. அவள் மிதித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தோனி!”

அவள் நிமிர்ந்து, என்ன என்பது போலப் பார்த்தாள்.

அவர் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, ஊசியைக் கழற்றி, விரலை எடுத்தார். மருந்து வைத்துக் கட்டியபோதும் அவள் முகம் சுளிக்கவில்லை. சட்டையில் குத்தியிருந்த பின்னை எடுத்து உள்ளங்கையில் குத்திப் பார்த்தார்.

“வலிக்குதா?”

“இல்லீங்க.”

மணிக்கட்டு. இல்லை. முன்னங்கை. இல்லை. முழங்கை தாண்டித்தான் அவள் கையை இழுத்தாள். லோரன்ஸ் பல வருஷம் நோயாளிகளைப் பார்த்தவர். அவருக்குத் தெரிந்த எந்த வியாதியும் அப்படி வருவதில்லை. கை, குளிரில் கிடந்த இரும்பு போல இருந்தது.

“எத்தனை நாளா இப்பிடி இருக்கு?”

“அது கையப் புடிச்சதுல இருந்து.”

“எது?”

அவள் கட்டிலைக் காட்டினாள். மெஷினிலிருந்து எடுத்த போர்வையை அவர்தான் சற்று முன்பு அங்கே எறிந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது.

கசங்கிக் கிடந்த போர்வை மெல்ல மேலே எழுந்தது.

அது ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது.

லோரன்ஸ் ஒரே எட்டில் போய் அதைப் பிடித்து இழுத்தார். கீழே ஒன்றும் இல்லை. மெத்தையில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அதில் ஈரமான செம்மண். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் புரண்டு படுத்தது.

அவர் சேசுவே என்றார். அதற்கு மேல் வாயில் வார்த்தை வரவில்லை.

அன்று சாயங்காலம் போர்வையை எரிப்பதற்காக மண்ணெண்ணெய் போத்தலோடு பின்பக்கம் போனவரை அவள் வழிமறித்தாள்.

“எரிக்கக் கூடாதுங்க.”

“ஒன் கை செத்துக்கிட்டு வருது. இன்னைக்கு முழங்கை. நாளைக்கு?”

“அது ஆத்தாவத்தான் கேக்குது. வேற ஒண்ணும் கேக்கலை. அவங்ககிட்ட அனுப்பிருவோம்.” அவர் கையில் இருந்த போத்தலைப் பார்த்தபடி சொன்னாள்: “நம்ம பிள்ளை வரலைங்க. நானும் கூப்புட்டுப் பாத்துட்டேன்.”

லோரன்ஸ் போத்தலைக் கீழே வைத்தார்.

சண்முகவடிவு இருக்கும் இடம் காளியாயிக்குத் தெரிந்திருந்தது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கிருந்து ஒரே ஒரு கடிதம் வந்திருந்ததாம். மேல் டிவிசனைச் சேர்ந்த சிவசாமி குடும்பமும் அடுத்த வாரம் கப்பல் ஏறப்போகிறது, அவர்களுக்கும் அந்தப் பக்கம்தான் போட்டிருக்கிறது என்றும் அவள் சொன்னாள்.

அனுப்புவதற்கு முந்தின நாள் அந்தோனியம்மா பிளேடோடு உட்கார்ந்தாள். மஞ்சள் சதுரத்தை மட்டும் பிரித்து எடுத்துவிட நினைத்தாள். அது டோரீனுடையது. அது யாருக்கும் இல்லை. ஆனால் அவளே போட்ட தையல் மூன்று அடுக்கையும் ஒன்றாக இறுக்கியிருந்தது. ஒரு நூலை அறுத்தால் துணியே கிழிந்துகொண்டு வந்தது. இரண்டு மணி நேரம் முயன்று பார்த்தாள். பிறகு பிளேடை வைத்துவிட்டு, போர்வையை மடித்துக் கயிறு போட்டுக் கட்டினாள்.

தலவாக்கலை ஸ்டேஷனில், கப்பலடிக்குப் போகும் ரயிலுக்குக் கூட்டம் நெருக்கியது. போகிறவர்களும் அழுதார்கள், நிற்கிறவர்களும் அழுதார்கள். கோச்சிப் பெட்டிக்குள் பாதி உடம்பும் வெளியே பாதி உடம்புமாகத் தொங்கிக்கொண்டு ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தோனியம்மா மூட்டையை ஜன்னல் வழியாகச் சிவசாமியின் மனைவியிடம் கொடுத்தாள்.

“என்னங்கம்மா இது, போர்வைன்னீங்க. இந்தக் கனம் கனக்குது?”

“கம்பளி வச்சுத் தைச்சது. கவனமாக் கொண்டுபோய்க் குடுங்க. கீழ வச்சுறாதீங்க.”

கோச்சி நகர்ந்தது. வளைவில் கடைசிப் பெட்டி மறைந்தபோது அவளுடைய வலது கையில் சுரீரென்று ஒரு வலி ஏறியது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் தீயில் வைத்தது போல. அவள் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“வலிக்குதா?” என்று குனிந்து கேட்டார் லோரன்ஸ்.

“வலிக்குதுங்க,” என்றாள்.

அவருக்கு அதைக் கேட்டுச் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதுவும் நடக்கவில்லை. பனி இறங்கும், விலகும், அவ்வளவுதான். அவள் லயத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். கட்டிலில் கடையில் வாங்கிய கம்பளி கிடந்தது.

ஐந்து மாதம் கழித்து இந்தியா முத்திரை போட்ட கடிதம் ஒன்று வந்தது. லோரன்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அதைக் கையில் கொண்டுவந்தார். வாசலில் நின்றபடியே பிரித்து, சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.

“டிஸ்பென்சர் ஐயா வீட்டு அம்மாவுக்கு, கந்தப்பன் எழுதுவது. என் சம்சாரம் சண்முகவடிவு சொல்லச் சொல்ல, அவள் சொன்னபடியே இதை எழுதுகிறேன். அவளால் இப்போது பேனா பிடிக்க முடியவில்லை.

“தங்கச்சி, போர்வை வந்து சேந்துச்சு. மீனம்மாவும் வந்து சேந்துட்டா. இங்கயும் மத்தியானத்துல பனி எறங்குது. எறங்குன ஒடனே வந்து படுத்துக்கிறா. ஆத்தான்னு கூப்புடுறா. நீங்க செஞ்சத நான் சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்.

“ஆனா ஒண்ணு கேக்கணும். போர்வைக்குள்ள ரெண்டு புள்ளைக கெடக்குதுங்க. ஒரே தலகாணியில. என் வலது கையப் புடிச்சிருக்கது மீனம்மா. எடது கையப் புடிச்சிருக்கது யாரு தங்கச்சி? மீனம்மாவ விடச் சின்னக் கை. தலமுடிய ஒட்ட வெட்டியிருக்கு. எனக்கு ரெண்டு கையும் தோள் வரைக்கும் மரத்துப்போச்சு. போர்வைய எரிக்கணும்னு இவரு நிக்கிறாரு. நான் விடமாட்டேன். அந்தப் புள்ள என்னைய அம்மாங்குது. பேரு தெரியாம நான் என்னன்னு சொல்லிக் கூப்புடுறது?”

கடைசி வரிகளை லோரன்ஸால் வாசிக்க முடியவில்லை. அவர் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு பெருங்குரலில் அழுதார். அந்தோனியம்மா அவர் மடியில் கிடந்த தாளை எடுத்து, மீதியை அவளே வாசித்தாள். மறுபடி ஒரு தடவை வாசித்தாள்.

அவள் அழவில்லை.

மேசைக்குப் போய், ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினாள்.

“அக்கா, பேரு டோரீன். அஞ்சு வயசு. கால் ரெண்டையும் நல்லா மூடிவிடுங்க, இல்லேன்னா தூங்கமாட்டா. அம்மான்னு கூப்புட்டா ஒடனே ‘என்னம்மா’ன்னு கேளுங்க. ‘நான் உன் அம்மா இல்ல’ன்னு மட்டும் சொல்லிறாதீங்க.”